காலி லாரி மைலேஜும் பெஞ்ச்மார்க்கும்

சேலம், நாமக்கல் பக்கமிருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது: "அரசு குடுத்த பழைய லேப்டாப் வீட்டுல கிடக்கு. தம்பி காலேஜ் சேர்றான், புதுசு வாங்க காசு இல்ல. லினக்ஸா, ஃப்ரீபிஎஸ்டியா, எது ஃபாஸ்ட்?"

2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தோட லேப்டாப்பில் விண்டோஸ் கூடவே பாஸ் லினக்ஸும் வந்தது. டெபியனை அடிப்படையா வச்சு சென்னை சி-டாக் உருவாக்கியது அது. நம்மில் பலர் அதை பூட் மெனுவில் பார்த்ததோடு சரி.

நாமக்கல்லில் ஒரு லாரி ஓனரிடம் மைலேஜ் கேளுங்க. "எவ்ளோ லோடு, எந்த ரூட்?"னு திருப்பிக் கேப்பார். காலி வண்டி பைபாஸில் தர்றது வேற, முழு லோடோட தொப்பூர் கணவாய் ஏறும்போது தர்றது வேற. பெஞ்ச்மார்க்கும் அப்படித்தான்.

2003-ல் ஃபீலிக்ஸ் ஃபான் லைட்னர் என்ற ஜெர்மன் புரோகிராமர் லினக்ஸையும் மூணு பிஎஸ்டிகளையும் ஒப்பிட்டார். நெட்பிஎஸ்டி டெவலப்பர்கள் குறைகளைச் சீக்கிரமே சரி பண்ண, மறுபடி அளந்தப்போ முடிவே மாறிடுச்சு. அதனால முதல்ல தேதியைப் பாருங்க. அடுத்து, எந்த வேலையை அளந்தாங்கன்னு பாருங்க. அவர் அளந்தது சர்வர் வேலை. தம்பிக்கு வேணும்கிறது பிரவுசரும் கம்பைலரும்.

இன்னொரு சூட்சுமம் இருக்கு. ஒரு சிஸ்டம் ஃபைலை டிஸ்க்கில் எழுதிட்டு "முடிஞ்சது"ங்கும். இன்னொன்னு மெமரியில் வச்சுக்கிட்டே "முடிஞ்சது"ங்கும். ரெண்டாவதுதான் வேகமா தெரியும். ஆனா பேட்டரி செத்த லேப்டாப்பில் கரண்ட் போனா, தம்பியோட ப்ராஜெக்ட் எதில் மிஞ்சும்?

நீங்களே அளக்கலாம். அதே லேப்டாப், அதே ப்ரோக்ராம். கம்பைல் ஆகுற நேரத்தை அஞ்சு தடவை குறிச்சுக்கோங்க. முதல் தடவையைத் தனியா வைங்க, ஏன்னா அடுத்த தடவைகளில் ஃபைல் ஏற்கனவே மெமரியில் இருக்கும். மிச்சத்தில் நல்ல நம்பரை மட்டும் பொறுக்காம, நடுவில் இருக்கிறதை எடுங்க. ஒரே சிஸ்டத்துக்குள்ளேயே ரெண்டு செகண்ட் ஏறி இறங்கினா, ரெண்டு சிஸ்டத்துக்கு நடுவில் ஒரு செகண்ட் வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்ல.

என் கருத்து: ராம் கம்மியான பழைய மெஷினில் கெர்னலை விட டெஸ்க்டாப்தான் பெரிய வித்தியாசம் காட்டும். டெபியனில் எக்ஸ்எஃப்சிஇ போட்டுத் தொடங்குங்க. ஃப்ரீபிஎஸ்டி ஆசை இருந்தா, அந்த வைஃபை சிப் அதில் வேலை செய்யுமான்னு முதல்ல பாருங்க. கொஞ்சம் காசு கையில் இருந்தா, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி மாட்டுங்க. எந்த ஓஎஸ் மாத்தினாலும் கிடைக்காத வேகம் அதில் கிடைக்கும்.

அளந்த நம்பர்களை அனுப்புங்க, எந்த மெஷின், என்ன வேலைன்னும் சேர்த்து எழுதுங்க. அடுத்த எபிசோடில் பாக்கலாம்.