முயலின் ரோமம் உதிர்ந்தால்



தில்லி, மும்பை போன்ற பெருநகரங்களின் அடுக்கு மாடி வீடுகளில் குடியிருக்கும் நம்மவருள் சிலர், நாய் வளர்க்க இடம் போதாமையால், குழந்தைகளின் ஆசையை முன்னிட்டு முயல் வளர்க்கத் தலைப்பட்டிருக்கின்றனர். சத்தம் போடாத பிராணி, வீட்டுக்காரரும் ஆட்சேபிப்பதில்லை. ஆனால் சத்தம் போடாத காரணத்தாலேயே அதன் துன்பமும் நம் செவிக்கு எட்டுவதில்லை. ஒருநாள் ரோமம் கொட்டித் தோல் வெளியே தெரியும்போதுதான் திடுக்கிடுகிறோம். உடனே மருந்தைத் தேடி ஓடுகிறோம்.

மருந்துக்கு முன்னே கண்ணுக்கு வேலை கொடுக்கவேண்டும். ரோமம் உதிர்வதெல்லாம் நோயன்று. பருவம் மாறும்போது முயல் பழைய ரோமத்தைக் களைந்து புதியதைப் போர்த்திக்கொள்ளும். அப்போது உள்ளிருக்கும் தோல் வழவழப்பாகவே இருக்கும். பெண் முயல் தன் மார்பு ரோமத்தைத் தானே பிடுங்கினால், அது குட்டிகளுக்குக் கூடு அமைக்கும் முயற்சி. சினை பிடித்து ஏறத்தாழ 31 நாளில் குட்டி பிறக்கும். சினையின்றியே சினைபோல் நடந்துகொள்வதும் உண்டு. மோவாயின் கீழே ஈரம் படிந்து ரோமம் போனால், குறை பெரும்பாலும் பல்லில் இருக்கும்.

இவை ஒன்றுமின்றி, பிடரியிலும் முதுகிலும் பொடுகு படிந்து ரோமம் கழன்றால், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணிகளை ஐயுறலாம். கறுப்புக் காகிதம் ஒன்றை விரித்து, அதன்மேல் ரோமத்தைச் சீவிப் பாருங்கள். பொடுகுத் துகள் மெல்ல நகர்ந்தால் ஐயம் தீர்ந்தது. ‘நடக்கும் பொடுகு’ என்றே மருத்துவர்கள் இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். நலமாயுள்ள முயல் தன் உடலை நாவால் துப்புரவு செய்து இவற்றை அடக்கியே வைத்திருக்கும். கொழுத்த முயலும், மூட்டு வலியோ பல் வலியோ உள்ள முயலும் அதைச் செய்ய இயலாது, உண்ணிகள் பெருகிவிடும். ஆகவே உண்ணியை ஒழித்துவிட்டுப் பல்லைப் பாராமல் விட்டால், சில மாதங்களில் அதே கதை மீண்டும் தொடங்கும்.

வேறொரு வகை உண்ணி காதினுள் பழுப்புநிறப் பொருக்கை அடையடையாகச் சேர்க்கும். முயல் தலையை உதறும், காதைப் பிறாண்டும். அப்பொருக்கைப் பிய்த்தெடுக்கலாகாது; இரத்தம் கசியும், வலி பொறுக்கவொண்ணாது. மருந்து பிடித்தால் அது தானே உதிரும். மூன்றாவது வகை மூக்கு, உதடு, பாத விளிம்புகளில் வெண்சாம்பல் நிறப் பொருக்காகத் தோன்றும். வீட்டு முயலை மட்டுமின்றிப் பண்ணை முயல்களையும் வாட்டும் சொறி இதுவே. வாய்நோவினால் இரை எடுப்பதை நிறுத்திய முயலை அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஒருநாள் பட்டினியே அதன் குடலியக்கத்தை நிறுத்திவிடக்கூடும்.

இனி, மிக முக்கியமானது ஒன்று. நாய்க்கும் பூனைக்கும் பிடரியில் சொட்டுவிடும் ஃபிப்ரோனில் என்ற மருந்தை முயலுக்கு இடவே கூடாது. நாய்க்கு நன்மை செய்யும் அது முயலுக்கு வலிப்பையும் மரணத்தையும் தரவல்லது. கடைக்காரர் “எல்லாப் பிராணிக்கும் ஆகும்” என்று சொன்னாலும் நம்பாதீர்கள். மண்ணெண்ணெய், புகையிலைத் தண்ணீர் முதலிய கைவைத்தியமும் வேண்டாம். பூசியதை முயல் நக்கிவிடும். குளிப்பாட்டுவதும் தகாது, அச்சத்தாலும் குளிராலும் அது அதிர்ச்சியுறும்.

கால்நடை மருத்துவர் ஐவர்மெக்டின் அல்லது செலமெக்டின் மருந்தை முயலின் எடைக்கு அளந்து கொடுப்பார். முட்டைகள் அதற்கு மடிவதில்லை. ஆதலின் அவர் குறிக்கும் நாளில், பெரும்பாலும் இரு வாரம் கழித்து, மறுமுறை செல்லவேண்டும். சொறி அடங்கியதுபோல் தோன்றியதும் பலர் தவறவிடுவது இந்த இரண்டாவது வருகையைத்தான். வடநாட்டில் இந்நோயைக் ‘குஜ்லி’ என்பார்கள். அச்சொல் அரிப்பு அனைத்துக்கும் பொது. எந்த இடத்தில், எத்தனை நாளாக, தீனி எடுக்கிறதா என்பவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உடன் வளரும் முயல்கள் அனைத்துக்கும் ஒரே சமயத்தில் மருந்து தரவேண்டும். காது உண்ணி முயலை விட்டுப் பிரிந்தும் மூன்று வாரம்வரை உயிர்வாழ இயலும். வைக்கோலை அப்புறப்படுத்தி, கூண்டைக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள்.

முயலைத் தூக்கும் குழந்தையின் முழங்கையருகே செந்நிறப் புள்ளிகள் அரித்தால் அதையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். முதுகில் வாழும் சிற்றுண்ணி மனிதரைக் கடிக்குமேயன்றி நம் உடலில் நிலைத்து வாழாது. முயல் தேறினால் அரிப்பும் நீங்கும். புள்ளி வட்டமாய்ப் பரவினால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு.