நட்சத்திர விடுதியும் எட்டு முழ வேட்டியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசு, தொழில் சம்பந்தமா இருக்கட்டும், ஆனா போர் அடிக்கக் கூடாது" என்று சங்கச் செயலாளர் சொல்லியிருக்கிறார். மூன்றையும் சேர்த்துச் செய்வது சிரமம். என் தொழில் கட்டடத்துக்குள் குளிர்ந்த காற்றும் வெந்நீரும் வர வைப்பது. ஆஸ்பத்திரி, ஓட்டல், ஆபீஸ் என்று பதினைந்து வருஷமாக மொட்டை மாடியிலும் பம்ப் ரூமிலும்தான் என் பொழுது போகிறது. ஓட்டலின் முன்வாசலை நான் அதிகம் பார்த்ததில்லை. போன வருஷம்தான் பணம் கொடுத்து முன்வாசல் வழியாக உள்ளே போனேன். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். குறளில் விருந்தோம்பல் என்று ஒரு அதிகாரம் இருக்கிறது என்று ஆரம்பிக்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

அப்பா அம்மாவுக்கு நாற்பதாவது திருமண நாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரம் போகிற வழியில், கடலைப் பார்த்த மாதிரி ஒரு சொகுசு விடுதி. பெயர் வேண்டாம். இரண்டு அறை, இரண்டு இரவு. ஒரு அறைக்கு ஒரு இரவு 14,000 ரூபாய். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஆக மொத்தம் 66,080 ரூபாய். சாப்பாடு தனி. அப்பாவிடம் தொகையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார்.

இரண்டு மணிக்கு அறை என்று சொன்னவர்கள் நாலரைக்குக் கொடுத்தார்கள். அதுவரை ஒரு தம்ளர் இளநீர். அது பரவாயில்லை. அறையில் ஏ.சி. குளிரவில்லை. கடலோரத்தில் ஏ.சி.யின் வெளிப்பகுதி மூன்று நாலு வருஷத்தில் போய்விடும் என்பது எங்கள் துறையில் குழந்தைக்கும் தெரியும். செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, மேலே உப்புக் காற்று படிகிறது. இரண்டு உலோகமும் நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். மேல்பூச்சு கொடுத்த தகடு வாங்கி, அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவி வைத்தால் ஆயுள் கூடும். பராமரிப்புச் செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் வெட்டப்படுவது இந்தக் கழுவுகிற ஆள்தான். வரவேற்பு மேஜைக்குப் போன் போட்டேன். "எஞ்சினியரிங்குக்கு இன்ஃபார்ம் பண்ணியிருக்கோம் சார்." இந்த வாக்கியத்தின் மறுமுனையில் எத்தனையோ வருஷம் நின்றவன் நான். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு ஷிஃப்ட் மெக்கானிக், கையில் பன்னிரண்டு புகார்.

வெந்நீர் வருவதற்குப் பன்னிரண்டு நிமிடம். நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பெரிய கட்டடங்களில் வெந்நீர் குழாயில் சுற்றிக்கொண்டே இருக்க ஒரு சின்ன பம்ப் உண்டு. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அதை நிறுத்தி வைத்தால், ஒவ்வொரு விருந்தாளியும் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் குளிக்க முடியும். குளியலறைச் சுவரில் "துண்டை மறுபடி பயன்படுத்துங்கள், தண்ணீரைச் சேமியுங்கள்" என்று அட்டை மாட்டியிருந்தார்கள்.

மறுநாள் காலை நீச்சல் குளம். என் மனைவி பருத்திச் சுடிதாரோடு இறங்கப் போனாள். அங்கிருந்த பையன் தடுத்துவிட்டான். "இது என்ன அநியாயம், உடம்பை மூடிக்கிட்டுக் குளிச்சா தப்பா?" என்று அவளுக்குக் கோபம். நான் அந்தப் பையன் பக்கம் பேசினேன், அதற்கு வீட்டில் இன்னும் கணக்குத் தீரவில்லை. ஆனால் விஷயம் இதுதான். பருத்தித் துணியிலிருந்து நூல் துணுக்கு உதிரும். பம்புக்கு முன்னால் இருக்கிற கூடை வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். சாயம் போகும். துணியில் இருக்கிற வியர்வையும் சோப்பும் தண்ணீரில் இருக்கிற குளோரினைத் தின்னும். குளத்தில் குளோரின் பத்து லட்சத்தில் ஒன்றிலிருந்து மூன்று பங்குதான் வைப்பது வழக்கம். வியர்வையும் சிறுநீரும் சேர்ந்தால் அது குளோரமின் ஆகிவிடும். கண் எரிவதும் மூக்கைத் துளைக்கும் அந்த வாடையும் அதனால்தான். "குளோரின் நிறையப் போட்டிருக்கான்" என்று நாம் சொல்வது பெரும்பாலும் தலைகீழ்; குளம் அழுக்காக இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே நைலான் உடை வேண்டும் என்பது நியாயமான விதி. கை கால் முழுக்க மூடிய நைலான் உடையும் கிடைக்கிறது, அதைப் போட்டால் தண்ணீருக்கும் கேடில்லை, மானத்துக்கும் கேடில்லை. பணம் கட்டும்போதே இதை இரண்டு வரியில் எழுதி அனுப்பியிருந்தால் போதும். எழுதவில்லை.

அன்று ராத்திரி நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

திருமண நாள் என்று கடலைப் பார்த்த உணவகத்தில் மேஜை சொல்லி வைத்திருந்தேன். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பிறந்ததிலிருந்து அவரை பேன்ட்டில் பார்த்ததில்லை. அன்றைக்கு வெள்ளைச் சட்டை, புது எட்டு முழ வேட்டி, கஞ்சி போட்டு இஸ்திரி செய்தது. வாசலில் கோட் போட்ட பையன், இருபது வயசு இருக்கும், முன்னால் வந்து நின்றான். "சாரி சார், ஸ்மார்ட் கேஷுவல்ஸ் மட்டும்தான் சார். வேட்டி அலவ்டு இல்லைங்க." அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அரை டிரவுசரும் ரப்பர் செருப்புமாக ஒருவர் எங்களைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கடற்கரை விடுதிக்கு அதுதான் பொருத்தம்.

அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, "விடுப்பா, நான் ரூமுக்குப் போறேன். நீங்க சாப்பிட்டு வாங்க. எனக்குத் தயிர் சாதம் இருந்தா போதும்" என்றார். அம்மா அவர் பின்னாலேயே நடந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 2006-ல் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்துக் கவுன்சிலிங்குக்கு என்னைக் கூட்டிப் போனவர் இதே வேட்டியில்தான் வந்தார். இந்தக் கல்லூரியில் சேர்க்க வந்தபோது நம் முதல்வர் அறைக்குள் வேட்டியோடுதான் உட்கார்ந்திருந்தார். காபி கொடுத்தார்கள். இங்கே எத்தனை பேரின் அப்பா அப்படி வந்தார்கள் என்று கை தூக்கச் சொன்னால் பாதி மண்டபம் தூக்கும்.

நான் சத்தம் போடவில்லை. "இந்த விதி எழுத்தில் எங்கே இருக்கிறது, காட்டுங்க தம்பி" என்று மட்டும் கேட்டேன். அவனிடம் இல்லை. மேனேஜர் வந்தார். அவர் முதலில் சொன்னது: "அப்படி ஒரு ரூலே கிடையாது சார்." அடுத்த நிமிஷம் என் எதிரிலேயே அந்தப் பையனைத் திட்ட ஆரம்பித்தார். எனக்கு அதுதான் முதல் விஷயத்தைவிட மோசமாகப் பட்டது. கேட்டரிங் டிப்ளமா படித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தவன். யாரோ ஒரு சூப்பர்வைசர் வாய்வார்த்தையாகச் சொல்லாமல் அவனாகவா கண்டுபிடித்திருப்பான்? "அவரைத் திட்டாதீங்க, சொல்லிக்கொடுத்தது யார் என்று பாருங்க" என்றேன். மேனேஜர் புன்னகை செய்தார். அந்தப் புன்னகைக்கு ஒரு பயிற்சி வகுப்பு இருக்கிறது போலிருக்கிறது.

இது புதுக் கதை இல்லை. 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் அவர்களையே, வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக, சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்க மன்றத்தில் ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்குள் விடவில்லை. சட்டசபையில் பெரிய விவாதம் ஆயிற்று. அடுத்த மாதமே, ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது, சட்டம் வந்தது. மன்றமோ, சங்கமோ, அறக்கட்டளையோ, நிறுவனமோ தன் பொறுப்பில் உள்ள பொது இடத்தில் வேட்டி அணிந்து வருபவரைத் தடுக்கும்படி விதி செய்யக் கூடாது. மீறினால் உரிமம் ரத்தாகலாம், ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். நிறுவனம் என்ற சொல்லும் அதில் இருக்கிறது, கவனியுங்கள். "சட்டம் இருக்குதே சார்" என்று மேனேஜரிடம் சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்தது, அதைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை.

இந்தக் கோட்டு சூட்டு வழக்கம் எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும், வெள்ளைக்காரர் மன்றங்களிலிருந்து. எஞ்சினியரின் கண்ணோட்டத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. உடுப்பு எவ்வளவு வெப்பத்தைத் தடுக்கிறது என்பதற்கு 1941-லிருந்து ஒரு அளவு உண்டு, பெயர் குளோ. முழு கோட்டு சூட்டு ஏறக்குறைய ஒரு குளோ. சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்த உடுப்பில் 21 டிகிரி சுகமாக இருக்கும் என்று வைத்துத்தான் அளவையே வகுத்தார்கள். அரைக்கைச் சட்டையும் பேன்ட்டும் அதில் பாதிதான். அந்த உணவகத்தில் பரிமாறுகிறவர்கள் எல்லோரும் கோட்டில். அவர்களுக்கு வியர்க்கக் கூடாது என்று ஏ.சி.யை இருபதில் வைத்திருந்தார்கள். புடவை கட்டிய பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சாப்பிட்டார்கள். வெளியே சென்னைக் கடற்கரையின் புழுக்கம். இந்த வித்தியாசத்துக்கு டீசலும் மின்சாரமும் எரிகிறது.

ஜப்பான்காரர்கள் 2005-ல் இதைத் திருப்பிப் போட்டார்கள். கோடையில் அரசு அலுவலகங்களில் ஏ.சி. 28 டிகிரி, டையும் கோட்டும் வேண்டாம். கூல் பிஸ் என்று பெயர். நம் நாட்டிலும் 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறியிட்ட ஏ.சி. எல்லாம் முதலில் 24-ல் ஓடும்படி வர வேண்டும் என்று விதி. ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் ஆணையத்தின் கணக்கு. என்னைக் கேட்டால், கடற்கரை ஓட்டலில் வேட்டி கட்டியவருக்கு ஐந்து சதவீதம் தள்ளுபடி தரலாம். (கைதட்டல் போதும், நேரம் ஆகிறது.)

பில் வந்தபோது சேவைக் கட்டணம் என்று பத்து சதவீதம் தனியாகப் போட்டிருந்தார்கள். கேட்காமல் அதைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. சொன்னவுடன் எடுத்துவிட்டார்கள். சொல்லாதவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். குறையிருந்தால் 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

வீட்டுக்கு வந்து விடுதி நிர்வாகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். பணம் திருப்பிக் கேட்கவில்லை. மூன்று விஷயம் கேட்டேன். உடை விதி எதுவாக இருந்தாலும் முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் அனுப்ப வேண்டும். என் அப்பாவுக்கு, என் பெயருக்கு இல்லை, அவர் பெயருக்கு ஒரு வருத்தக் கடிதம் வர வேண்டும். அந்தப் பையன் மேல் நடவடிக்கை கூடாது.

பதினெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. நீச்சல் குளத்து விதியையும் உணவகத்து விதியையும் இப்போது எழுத்தில் அனுப்புகிறார்கள், நண்பர் ஒருவர் தங்கப் போனபோது பார்த்தேன், வேட்டிக்குத் தடையில்லை என்று தனியாகவே அச்சடித்திருக்கிறார்கள். அப்பா பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் அடுத்த முறைக்கு இருபது சதவீதத் தள்ளுபடிக் கூப்பனும் வந்தன. பையனைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு தடவை போன் செய்தேன். "ட்ரெய்னீஸ் ரொட்டேஷன்ல மாறிக்கிட்டே இருப்பாங்க சார்" என்றார்கள். பெயரைக் கேட்டால் சொல்லவில்லை. இங்கே யாருக்காவது அந்தப் பக்கத்து விடுதிகளில் மனிதவளத் துறையில் ஆள் தெரிந்திருந்தால், சாப்பாட்டுக்கு அப்புறம் என்னிடம் வந்து சொல்லுங்கள். அவன் இப்போது எங்கே வேலை பார்க்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கடிதத்தை அப்பாவுக்குப் படித்து அர்த்தம் சொன்னேன். "அந்தப் பையன் என்னய்யா பண்ணுவான்" என்றவர், கூப்பனை வாங்கி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பிப் பார்த்தார். "இருபது பர்சன்ட்னா, எவ்வளவுல இருபது பர்சன்ட்?" என்று கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.