கருப்பையினுள் ஒரு சிறு வளர்ச்சி



மணமாகி ஆண்டுகள் சில கழிந்தும் மகப்பேறு வாய்க்காத பெண்ணை 'மலடி' என்று சுட்டும் வழக்கம் தமிழர் சமூகத்தில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. காரணம் யாது என்று ஆராயுமுன்னரே தீர்ப்புக் கூறிவிடும் கொடிய சொல் அது. அச்சொல்லைத் தாங்கிய பெண்கள் எத்தனையோ பேர் மங்கல நிகழ்ச்சிகளில் பின்னே ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். தம் வினைப்பயனை எண்ணித் தாமே நொந்திருக்கிறார்கள். மருத்துவ அறிவோ வேறொன்றைக் கூறுகிறது. பிள்ளையின்மைக்குக் காரணம் மனைவியிடத்தும் இருக்கலாம், கணவனிடத்தும் இருக்கலாம், இருவரிடத்தும் இருக்கலாம். சில வேளைகளில் அக்காரணம் ஒரு பயற்றம் விதையளவே உள்ள சதை வளர்ச்சியாகவும் இருத்தல் கூடும். அதனைப் பற்றியதே இன்றைய பேச்சு.

கருப்பையின் உட்புறத்தை மெல்லிய படையொன்று மூடியிருக்கிறது. மாதந்தோறும் சூலகத்திலிருந்து சுரக்கும் ஓமோன்களின் ஆணைக்கிணங்க அது தடித்து வளர்கிறது. கரு தங்காதவிடத்து மாதவிடாயாகக் கழிந்துவிடுகிறது. அப்படையின் ஒரு பகுதி சில வேளைகளில் அளவுக்கு மிஞ்சி வளர்ந்து, கருப்பையின் குழிக்குள் முனைத்து நிற்கும். இதனையே வைத்தியர்கள் பொலிப் என்கின்றனர். சில பொலிப்கள் காம்பில் தொங்கும் கனி போன்றவை. சில அகன்ற அடியோடு ஒட்டிக் கிடப்பவை. ஒன்றாகவும் தோன்றும், பலவாகவும் தோன்றும். சில மில்லிமீற்றர் முதல் சில சென்ரிமீற்றர் வரை வளரும். கருப்பைச் சுவரின் தசையிலிருந்து உண்டாகும் கட்டி வேறு, இது வேறு என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இதன் அறிகுறிகள் யாவை? மாதவிடாயில் மிகுதியான போக்கு, இரு மாதவிடாய்களுக்கிடையே இரத்தக் கசிவு, மாதவிடாய் நின்ற பின்னரும் இரத்தம் காணல் என்பன. எனினும் பொலிப் உள்ள பெண்கள் பலருக்கு எவ்வித அறிகுறியும் தோன்றுவதில்லை. பிள்ளையில்லை என்று பரிசோதனைக்குச் சென்றபோதே அது முதன்முதலில் வெளிப்படுவதும் உண்டு.

அது கருத்தரிப்பை எங்ஙனம் தடுக்கிறது? பலோப்பியன் குழாயின் வாயிலருகே வளர்ந்தால், விந்தணு செல்லும் வழியை அடைத்துவிடலாம். கருப்பையின் குழிக்குள் இருந்தால், முளையம் வந்து பதிய வேண்டிய இடத்தைக் கவர்ந்துகொள்ளலாம்; சுற்றியுள்ள படையில் அழற்சியை உண்டாக்கி அதன் ஏற்புத் தன்மையைக் குறைக்கலாம். இவை அறிஞர் கூறும் விளக்கங்கள்.

ஆயினும் விளக்கம் வேறு, சான்று வேறு. ஸ்பெயின் நாட்டின் மட்றிட் நகர வைத்தியர்கள் இதனை ஆராய்ந்து 2005 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பிள்ளைப்பேறின்றிச் சிகிச்சை நாடி வந்தவர்களும் பொலிப் உடையவர்களுமான 215 பெண்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவினராக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குப் பொலிப் அகற்றப்பட்டது. மறு பிரிவினருக்கு அது ஆய்வுக்காகச் சிறிது கிள்ளி எடுக்கப்பட்டதேயன்றி அகற்றப்படவில்லை. பின்னர் இரு பிரிவினருக்கும் விந்தைக் கருப்பையினுட் செலுத்தும் சிகிச்சை அளிக்கப்பட்டது. அகற்றப்பட்டவர்களில் நூற்றுக்கு 63 பேர் கருவுற்றனர். அகற்றப்படாதவர்களில் நூற்றுக்கு 28 பேரே கருவுற்றனர். முதற் பிரிவில் கருவுற்றவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அச்சிகிச்சை தொடங்குமுன்னரே கருவுற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

இனி, கரு மீண்டும் மீண்டும் சிதைந்துபோகும் துன்பத்தை நோக்குவோம். கருத்தரியாமை ஒரு துயரம். தரித்த கருவை இழப்பது அதனினும் பெரிய துயரம். அவ்வாறு இழந்த பெண்ணின் கருப்பையில் பொலிப் ஒன்று காணப்பட்டால், 'இதுவே கள்வன்' என்று மனம் துணிந்துவிடும். இங்கேதான் நிதானம் வேண்டும். தொடக்க மாதங்களில் நிகழும் கருச்சிதைவுகளுட் பெரும்பாலானவற்றுக்கு முளையத்தின் நிறமூர்த்தங்களில் நேரும் பிழையே காரணம். கருப்பைக் குழியைப் பிரிக்கும் பிறவித் தடுப்பு, தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறு, இரத்தம் உறைவதைத் தூண்டும் சில பிறபொருளெதிரிகள் என்பனவும் காரணங்களாகலாம். பொலிப்பை அகற்றினால் தொடர் கருச்சிதைவு நிற்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே ஐரோப்பிய மனித இனப்பெருக்க, முளையவியற் சங்கத்தின் வழிகாட்டி கூறுகிறது. ஆதலின் பொலிப் ஒன்றைக் கண்டதும் ஏனைய பரிசோதனைகளைக் கைவிடல் தகாது.

பொலிப்பைக் கண்டறிய முதலில் உதவுவது ஸ்கான் பரிசோதனை. மாதவிடாய் முடிந்த சில நாட்களுள், உட்படை மெல்லியதாக இருக்கும்போது அதனைச் செய்தல் நன்று. கருப்பையினுள் உப்புநீர் செலுத்திப் பார்ப்பின் இன்னும் தெளிவாகத் தெரியும். எல்லாவற்றினும் உறுதியானது, ஒளியுள்ள மெல்லிய குழாயைச் செலுத்தி நேரே காணும் முறை. அது நேற்றுத் தோன்றிய முறையன்று. 1869 ஆம் ஆண்டில் பன்டலியோனி என்னும் வைத்தியர், இரத்தப்போக்கால் வருந்திய அறுபது வயது மாது ஒருவரின் கருப்பையினுள் இவ்வாறு நோக்கிப் பொலிப் ஒன்றைக் கண்டு, வெள்ளி நைத்திரேற்றினால் அதனைச் சுட்டார். இன்று அக்குழாய் வழியே நுண்ணிய கருவிகளைச் செலுத்திப் பொலிப்பை அடியோடு எடுத்துவிடுகின்றனர். பலர் அன்றைய தினமே வீடு திரும்பலாம். கண்ணாற் காணாமலே கருப்பையைச் சுரண்டும் பழைய முறையில் பொலிப் தப்பிவிடுதல் கூடும்.

எடுத்த சதையை நுணுக்குக்காட்டியினாற் சோதித்தல் இன்றியமையாதது. பெரும்பாலான பொலிப்கள் தீங்கற்றவை. மிகச் சிலவற்றிலேயே, அதுவும் மாதவிடாய் நின்ற பெண்களிடத்தே கூடுதலாக, புற்றுநோய் மறைந்திருக்கும். மற்றொரு புறம், மிகச் சிறிய பொலிப்கள் சில தாமாகவே மறைந்துவிடுவதும் உண்டு. எதனை எடுப்பது, எதனைப் பொறுத்துப் பார்ப்பது என்பது, பெண்ணின் வயதையும் வளர்ச்சியின் அளவையும் அறிகுறிகளையும் கருதிப் பெண்நோயியல் நிபுணர் தீர்மானிக்க வேண்டியதாகும்.

ஓராண்டுக் காலம் கருத்தடை எதுவுமின்றி வாழ்ந்தும் கருத்தரிக்காத தம்பதிகள் வைத்திய ஆலோசனை பெறல் வேண்டும். மனைவி முப்பத்தைந்து வயதைக் கடந்தவராயின் ஆறு மாதத்துக்கு மேற் காத்திருத்தலாகாது. முதற்படியாக ஊர் மருத்துவமாதுவிடம் மனந்திறந்து பேசலாம். கணவனும் உடன் செல்லல் வேண்டும்; அவனுக்குரிய விந்துப் பரிசோதனை எளியது, வலியற்றது. அதனைச் செய்யாது மனைவியை மட்டும் பல சோதனைகளுக்கு உட்படுத்துவது நீதியன்று.

மாமியாரும் நாத்தனாரும் அயலாரும் செய்யத்தக்க உதவியொன்று உண்டு. 'இன்னும் விசேஷம் இல்லையா?' என்னும் கேள்வியை அவர்கள் நிறுத்திக்கொள்ளட்டும். அக்கேள்வி எந்த நோயையும் தீர்த்ததில்லை. சதை வளர்ச்சியை அகற்றும் கருவி வைத்தியர் கையில் இருக்கிறது; 'மலடி' என்னும் சொல்லை அகற்றும் ஆற்றலோ ஒவ்வொரு வீட்டாரின் நாவிலும் இருக்கிறது.