வண்டிக் கடன் கேட்கும் முன் கடன் அறிக்கையைப் பாருங்கள்

(உழவர் பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பயிரைப் பற்றிப் பேச வேண்டிய உழவியல் ஆசிரியன் வங்கிக் கடனைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் நினைக்கலாம். வயல்களுக்கு நான் வரும்போதெல்லாம் உங்களில் பலர் கேட்பது இப்போது களைக்கொல்லியைப் பற்றியோ உர அளவைப் பற்றியோ அன்று. "டிராக்டருக்குக் கடன் கேட்டேன். சிபில் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் யாருக்கும் பாக்கி வைத்ததே இல்லையே, அய்யா" என்பதுதான். இதே தொல்லை எங்கள் வீட்டிலும் நேர்ந்ததால், பட்டறிந்ததைச் சொல்கிறேன்.

என் அண்ணன் ஊரில் சம்பங்கி பயிரிடுகிறார். விடியற்காலையில் பறித்த பூ, அடுத்தவர் வண்டிக்காகக் காத்துக் கிடந்தால் சந்தையில் விலை இறங்கிவிடும். ஆகவே சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வாங்கி, 2024 ஆயுத பூசைக்கு வாசலில் நிறுத்திவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். செப்டம்பரில் விற்பனை நிலையத்திற்குப் போய் 20,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டார். அங்கிருந்தவர் பான் அட்டை, ஆதார் நகல்களை வாங்கி ஒரே வாரத்தில் நான்கு இடங்களுக்குக் கடன் மனு அனுப்பினார். நான்கும் திரும்பி வந்தன. அதன் பிறகுதான் அண்ணன் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

நம் நாட்டில் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் நிறுவனங்கள் நான்கு உள்ளன. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்பன அவை. இவை 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. நீங்கள் வாங்கிய கடன், கட்டிய தவணை, தவறிய தவணை ஆகியவற்றை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இவற்றுக்கு அனுப்புகின்றன. அதைக் கொண்டு 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் இடப்படுகிறது. நீங்கள் ஜாமீன் போட்ட கடனும், பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் சிறுகடனும் இந்த ஏட்டில் ஏறும்.

அண்ணனின் அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். அதில் ஒரு டிராக்டர் கடன் பாக்கி இருந்தது. அவர் டிராக்டர் வாங்கியதே இல்லை! விசாரித்ததில், பக்கத்து ஊரில் அதே பெயரும் அதே தலைப்பெழுத்தும் கொண்ட ஒருவர் வாங்கிய கடன் அது. குலதெய்வத்தின் பெயரைத் தலைமுறைதோறும் வைப்பது நம் வழக்கம். பிறந்த தேதி தெரியாத பலருக்கு ஆதாரில் சனவரி 1 என்றே பதிந்திருக்கிறது. இவர்கள் இருவருக்கும் அப்படித்தான். பெயரும் தேதியும் ஒத்துப்போனால் கணக்கு மாறி ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை.

இரண்டாவது பிழை வேறு வகை. பவர் டில்லர் கடனை அண்ணன் 2021லேயே கட்டி முடித்துவிட்டார். முடித்த பிறகு ஏதோ கட்டணம் என்று 354 ரூபாய் கணக்கில் ஏறியிருக்கிறது. கடிதம் வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கணக்கு மூடப்படாமல் மூன்று ஆண்டுகளாகத் தவணை தவறியதாகவே பதிவாகிக் கொண்டிருந்தது. 354 ரூபாய்க்காக ஆறு இலட்சம் ரூபாய்க் கடன் நின்றுவிட்டது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூறியாக வேண்டும். நாம் 'தள்ளுபடி' என்று ஒரே சொல்லில் இரண்டு காரியங்களைச் சொல்கிறோம். அரசு உங்கள் கடனை ஏற்றுக்கொண்டு தீர்ப்பது ஒன்று. மத்திய அரசு 2008லும், கூட்டுறவுப் பயிர்க் கடன்களுக்குத் தமிழக அரசு 2021லும் செய்தது அதுதான். வாராக் கடன் என்று வங்கி தன் கணக்கில் எழுதித் தள்ளிவிடுவது மற்றொன்று. பின்னதை அறிக்கையில் 'ரிட்டன் ஆஃப்' என்பார்கள். அப்படி எழுதிவிட்டால் கடன் தீர்ந்ததாகப் பொருளன்று. நீங்கள் இன்னும் பாக்கிக்காரர்தான். அடுத்த கடனுக்கு அது பெருந்தடை. அரசு தள்ளுபடி பெற்ற கணக்கில் இச்சொல் இருந்தால் அது பிழை. தள்ளுபடிச் சான்றைத் தேடி எடுத்துத் திருத்தக் கேளுங்கள். அதுபோலவே, குறைந்த தொகைக்குப் பேசி முடித்த கடன் 'செட்டில்டு' என்று நிற்கும். வங்கிக்காரர் அன்று "எல்லாம் முடிந்தது" என்று சொல்லியிருப்பார். ஏட்டைப் பொறுத்தவரை அது முழுதும் கட்டி முடித்ததற்குச் சமமாகாது.

பிழையைத் திருத்துவது எப்படி? நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலேயே பெறலாம். வீட்டில் படிக்கும் பிள்ளை கால் மணி நேரத்தில் எடுத்துத் தந்துவிடும். இதற்கு ஏ.டி.எம். அட்டை எண்ணோ இரகசிய எண்ணோ தேவையில்லை. கேட்டால் அது மோசடி. நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. கடன் மனுக்கள் நான்கைந்து ஒரே சமயத்தில் போனால்தான் குறையும். அதனால்தான், அறிக்கையைப் பார்க்கும் வரை விற்பனை நிலையத்தில் பான் நகலைக் கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

தவறு கண்டால் அந்த நிறுவனத்திற்கே முறையீடு செய்யலாம், கட்டணம் இல்லை. ஆனால் நிறுவனம் தானாக எதையும் அழித்துவிடாது. விவரம் அனுப்பிய வங்கியைக் கேட்டு, வங்கி ஒப்புக்கொண்டால்தான் திருத்தும். எனவே வங்கிக் கிளை மேலாளருக்கும் அன்றே ஒரு மனு எழுதுங்கள். கடைசித் தவணை இரசீது, நிலுவையில்லாச் சான்று ஆகியவற்றின் நகல்களை இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச் சொல்லாகக் கேட்டு அண்ணன் இரண்டு முறை வீணாக அலைந்தார். இரசீது, குடும்ப அட்டை வைக்கும் உறையிலேயே இருந்தது நல்லதாயிற்று.

முறையீடு 30 நாட்களுக்குள் தீர்க்கப்பட வேண்டும். அதில் வங்கி 21 நாட்களுக்குள் சரியான விவரத்தை அனுப்பியாக வேண்டும். தவறினால் 30 நாளுக்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேரும். 2024 ஏப்ரல் 26 முதல் இவ்விதி நடைமுறைக்கு வந்தது. 30 நாள் கழிந்தும் பதில் இல்லையென்றாலோ, பதில் நியாயமாக இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை. 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம்.

அண்ணன் விஷயத்தில், டிராக்டர் கடன் 19 நாளில் நீங்கியது. பவர் டில்லர் கணக்குக்கு 41 நாள் ஆயிற்று. தாமதமான 11 நாளுக்கு 1,100 ரூபாய் அவர் கணக்கில் வந்தது. ஆயுத பூசை போய்விட்டது; வண்டி தை மாதத்தில்தான் வந்தது. முதலிலேயே ஆடியில் அறிக்கையைப் பார்த்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அதே அறிக்கையில், 2020ல் மூன்று மாதம் ஒரு நகைக் கடன் தவறியதாகவும் இருந்தது. அது உண்மை. அதையும் எடுத்துவிடச் சொல்லேன் என்றார் அண்ணன். உண்மையான பதிவை யாராலும் எடுக்க முடியாது. 5,000 கொடு, 10,000 கொடு, மதிப்பெண்ணை ஏற்றித் தருகிறேன் என்று வருகிறவர்களை வாசற்படி ஏற்றாதீர்கள். அடுத்த தவணைகளை நாள் தவறாமல் கட்டக் கட்ட அந்தப் பழைய கறையின் வலு குறையும்.

கடன் எப்படியும் கிடைக்கிறதே, வட்டி கொஞ்சம் கூடினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆறு இலட்சம் ரூபாய், ஐந்து ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். 10 சத வட்டிக்கு மாதத் தவணை 12,748 ரூபாய். மதிப்பெண் குறைவு என்று 13 சதம் போட்டால் 13,652 ரூபாய். ஐந்து ஆண்டில் கூடுதலாகப் போவது சுமார் 54,000 ரூபாய். எத்தனை கூடை பூ என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

பான் அட்டை கொண்டு வந்திருப்பவர்கள் மதிய உணவுக்குப் பின் கணினி அறைக்கு வாருங்கள். மாணவர்கள் உடனிருந்து அறிக்கை எடுக்க உதவுவார்கள். கைப்பேசியை அணைத்து வைத்திருப்பவர்கள் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். சரிபார்ப்பு எண் அதில்தான் வரும். அந்த எண்ணை நீங்களே பதியுங்கள். எங்கள் மாணவர் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.