நகல் எடுக்க விடுங்கள்

எதிரே பொறியியல், பாலிடெக்னிக் ஆசிரியர்கள் அமர்ந்திருக்கிறீர்கள்; நூலகர்கள் வழக்கம்போலக் கடைசி வரிசையைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நூலகர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். மாநாட்டின் இரண்டு நாளும் உங்களுக்குத்தான் வேலை அதிகம்.

நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். இணையவழிக் கல்வி வளங்களைப் பகிர்வது பற்றி இன்று பேசுகிறோம். அவற்றைப் பாதுகாப்பது பற்றி நாளை. அமைப்பாளர்களின் வசதி புரிகிறது. ஆனால் இப்படிப் பிரித்ததில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் ஒரே வேலை: பிறர் நகல் எடுத்துக்கொள்ளும்படி கொடுத்த பாடம்தான் நிலைத்திருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு லிங்க்கைத் தட்டிவிடுவதைப் பகிர்வு என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

2001இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி., தன் பாடங்களை இணையத்தில் இலவசமாக வைக்கப்போவதாக அறிவித்தது. 2003இல் நம் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் மத்திய அரசின் நிதியோடு, இணையவழி வகுப்புகளை வழங்கும் என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. அதை ஒருங்கிணைக்கும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.யிடம் வந்தது. ஐ.ஐ.டி. வாசலையே பார்த்திராத மாணவர்கள் அங்குள்ள பேராசிரியரின் வகுப்பை வேண்டிய இடத்தில் நிறுத்தி, திரும்பப் போட்டுக் கேட்டார்கள். இது உங்களுக்குத் தெரிந்த கதை. நான் சொல்ல வருவது வேறு. இணைய வேகம் போதாத கல்லூரிகளுக்கு அந்த வகுப்புகள் ஹார்டு டிஸ்க்கில் போயின. வேகக் குறைவைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடு, ஊருக்கு ஊர் ஒரு நகலை உண்டாக்கிவிட்டது. இதையே திட்டமிட்டுச் செய்தவர்களும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் 1999இல் லாக்ஸ் என்ற திட்டம் தொடங்கியது. பல நூலகங்கள் ஒரே ஆய்விதழைத் தத்தம் கணினியில் வைத்துக்கொள்ளும். ஒரு நகல் பழுதானால் மற்றவற்றோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளும்.

நகல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு 2023இல் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் அறிவித்தது. நம் துறையில் பாடங்கள் தொலையப் பெரிய விபத்து எதுவும் தேவையில்லை. ஒரு ஆசிரியர் ஓய்வுபெறுகிறார்; கல்லூரி மின்னஞ்சல் கணக்கை மூடுகிறார்கள்; அவருடைய கூகுள் டிரைவில் இருந்த லேப் மேனுவலும் சேர்ந்து போகிறது. அவருக்குப் பிரிவுபசார விழா எடுக்கிறோம், சால்வை போர்த்துகிறோம், கோப்புகளைக் கேட்க மட்டும் மறந்துவிடுகிறோம். பிறகு பாடத்திட்ட ரெகுலேஷன் மாறுகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2013, 2017, 2021 என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது. புதிய பாடத்திட்டம் வந்ததும் பழைய நோட்ஸ் எல்லாம் இணையதளத்திலிருந்து தூக்கப்படுகின்றன. அரியர் வைத்திருக்கும் பையன் எங்கே போவான்? சீனியரின் பென்டிரைவைத் தேடித்தான். நம்முடைய உண்மையான ஆவணக் காப்பகம் பல இடங்களில் அந்தப் பென்டிரைவ்தான் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

கோப்பு கையில் இருந்தாலும் போதாது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் எப்படி ஓடுகிறது, பற்சக்கரங்கள் எப்படிக் கோத்துச் சுழல்கின்றன என்பதையெல்லாம் ஒரு காலத்தில் ஃபிளாஷ் அனிமேஷனில் காட்டினோம். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஃபிளாஷ் பிளேயரைக் கைவிட்டது. அடுத்த மாதமே அந்தப் பாடங்கள் வெறும் சாம்பல் நிறக் கட்டங்களாகின. ரஃபிள் என்ற திறந்த மூல மென்பொருள் அவற்றில் பலவற்றை இன்று மீண்டும் ஓட்டிக் காட்டுகிறது. ஆனால் மூலக் கோப்பை யாராவது எடுத்துவைத்திருந்தால்தானே ஓட்டுவதற்கு?

தமிழ்ப் பாடங்களுக்கு இன்னொரு சங்கடம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய குறிப்புகளை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் தெரியும். பி.டி.எஃப். ஆக்கியிருந்தால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். 'வெப்பவியக்கவியல்' என்று தேடினால் அகப்படாது. 2010இல்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடு எனப்படும் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. அதே ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் பாடங்களைத் தமிழ்வழியில் தொடங்கியது. அதற்கு முன் பாலிடெக்னிக் ஆசிரியர்கள் உழைத்துத் தட்டிய தமிழ்க் குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற மென்பொருள் இருக்கிறது. மாற்றியபின் வரிவரியாகப் படித்துப் பிழை திருத்தத்தான் ஆள் வேண்டும். இந்த வேலைக்கு ஆராய்ச்சி மதிப்பெண் கிடையாது என்பதால் யாரும் தொடுவதில்லை. தர வேண்டும் என்பது என் கட்சி.

இனி உரிமம். நாம் ஒன்றும் எழுதாமல் விட்டால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் பிறர் அனுமதியின்றி அதை நகலெடுத்து வெளியிடக் கூடாது. அதற்குள் அந்தப் பாடம் ஓடும் கருவியே இருக்காது. 2002 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இருக்கின்றன. பாடத்தின் முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். எந்த உரிமம் என்பதில் கவனம் வேண்டும். 'மாற்றம் செய்யக் கூடாது' என்ற நிபந்தனையைச் சேர்த்துவிட்டால் அந்தப் பாடத்தைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடவும் தடை வந்துவிடும். தன் பெயர் விடுபடக் கூடாது என்ற கவலை நியாயமானது. அதற்குப் பெயர் குறிப்பிடும் உரிமமே போதும்.

நகல் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கடைசி உதாரணம்: யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் படி இருந்த நூலை மறுபடி தேடி வாங்க முடிந்தது. ஒரே படியாக இருந்த சுவடி போனது போனதுதான். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற திட்டம், ஈழத்து நூல்களை மின்வடிவாக்கி யாரும் பதிவிறக்கிக்கொள்ளும்படி திறந்து வைத்திருப்பதன் அருமை அங்கே தெரியும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த மாநாட்டில் கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரும் பி.டி.எஃப்.போடு நின்றுவிடாமல் மூலக் கோப்பையும், வரைபடங்கள் இருந்தால் அவற்றின் கேட் (CAD) கோப்புகளையும், உரிம வரியோடு சேர்த்து நாளை மதியத்துக்குள் வரவேற்பு மேசையில் கொடுங்கள். வந்திருக்கும் நூலகர்கள் ஆளுக்கொரு நகல் கொண்டு போகட்டும். அமைப்பாளர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முதல் அமர்வுக்கு நேரமாகிவிட்டது, மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.