பிள்ளைக்கு விதை எங்கே விளைகிறது?



வீட்டில் மூன்றாவது குழந்தையும் பெண்ணாகப் பிறந்துவிட்டால், பெற்றவளின் உடம்பு ஆறுமுன்பே அவள் காதில் விழும் பேச்சை நாம் கேட்டிருக்கிறோம். "இவளுக்குப் பெண் வயிறு" என்பார்கள். அது சரிதானா? பிள்ளைக்கு விதையாகும் அணுக்கள் உடலில் எப்படி உண்டாகின்றன என்று பார்ப்போம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வானொலியின் சத்தத்தைக் குறைக்க வேண்டாம்.

கருப்பையின் இரு பக்கமும் பாதாம் பருப்பு அளவில் இரண்டு சூலகங்கள் உண்டு. சினைமுட்டைகள் இருப்பது அங்கேதான். பெண் வயதுக்கு வந்தபின் அவை புதிதாக உண்டாவதாகப் பலரும் எண்ணுகிறோம். அப்படியன்று. அவள் தன் தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே 60, 70 இலட்சம் முட்டை அணுக்கள் உண்டாகிவிடுகின்றன. பிறகு அவை குறைந்துகொண்டே வரும். பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு இலட்சம். பாட்டிமார்களே, இன்று உங்கள் மடியில் கிடக்கும் மகள்வயிற்றுப் பேரனுக்கு விதையான முட்டை, நீங்கள் மகளைச் சுமந்தபோதே உங்கள் வயிற்றுக்குள் இருந்தது!

அந்த முட்டைகள் பாதி வளர்ச்சியில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். வயதுக்கு வந்தபின் மாதந்தோறும் சில விழித்து வளர, பெரும்பாலும் ஒன்றே முதிர்ந்து வெளிவரும். ஆயுள் முழுவதும் வெளிவருபவை ஏறத்தாழ 400 மட்டுமே.

ஆணின் கதை வேறு. விந்தணுக்கள் பருவ வயதில் உண்டாகத் தொடங்கி முதுமை வரை உண்டாகின்றன. ஓர் அணு உருவாக இரண்டு மாதத்திற்கு மேலாகும். அதன்பின் நீந்தும் திறன் பெற இன்னும் சில நாள். இதற்கு உடல்சூட்டைவிடக் குறைந்த சூடு வேண்டும். அதனால்தான் விதைகள் உடலுக்கு வெளியே பையில் தொங்குகின்றன. கடும் காய்ச்சல் கண்டவருக்குச் சில வாரங்கள் விந்தணு குறைவதும் இதனால்தான்.

இனி அந்தப் பேச்சுக்கு வருவோம். நம் உடலணு ஒவ்வொன்றிலும் குரோமோசோம் என்னும் நுண்ணிய இழைகள் 46 உண்டு. முட்டையும் விந்தணுவும் முதிரும்போது இவை பாதியாகி 23 ஆகின்றன. இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் முழுக் கணக்கு. அந்த 23இல் ஒன்று பாலைக் குறிக்கும் இழை. முட்டையில் அது எப்போதும் எக்ஸ். விந்தணுக்களிலோ ஏறக்குறைய பாதியில் எக்ஸ், பாதியில் ஒய். எக்ஸ் சேர்ந்தால் பெண். ஒய் சேர்ந்தால் ஆண். 1905ஆம் ஆண்டில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, ஒரு வகை வண்டின் அணுக்களை ஆராய்ந்து இந்த வேறுபாட்டைக் கண்டறிந்தார்.

எந்த விந்தணு முந்தும் என்பது தகப்பன் கையிலும் இல்லை. ஆனால் பேச்சு வாங்கும் அந்தத் தாயோ மூன்று முறையும் எக்ஸ் இழையைத்தான் கொடுத்தாள். கொடுக்க அவளிடம் வேறு இல்லை.