மைல்கல்லும் மழலை மனமும்

குழந்தையின் சிந்தனை பெரியோர் சிந்தனையின் சுருக்கம் அன்று. அதற்கெனத் தனி ஒழுங்கு உண்டு. நிலவை விளையாட அழைக்கும் அம்புலிப் பருவத்தைப் பிள்ளைத்தமிழில் வகுத்த நம் முன்னோர் இதனை உணர்ந்திருந்தனர் போலும். நிலவு தம்முடன் நடந்து வருவதாகக் குழந்தைகள் நம்புவதைச் சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே (1896–1980) ஆராய்ந்து எழுதினார்.

அவர் தம் மக்கள் மூவரையும் தொட்டிற் பருவம் முதலே கூர்ந்து நோக்கியவர். கிலுகிலுப்பையைத் துணியால் மூடினால் சின்னஞ்சிறு மகவு அதனைத் தேடுவதில்லை. 8, 9 திங்களுக்குப் பின்னரே துணியை விலக்குகிறது. அகன்ற குவளை நீரை ஒடுங்கி உயர்ந்த குவளையில் ஊற்றினால், நீர் மிகுந்துவிட்டது என்கிறது 5 வயதுப் பிள்ளை. 7 வயதளவில் அம்மயக்கம் தெளிகிறது. காணாத ஒன்றைக் கருதி, இவ்வாறாயின் என்னாகும் என ஆராயும் ஆற்றல் 12 வயதையொட்டி அரும்புகிறது. குழந்தைகள் இதனினும் முன்னதாகவே பலவற்றை அறிவர் எனப் பின்வந்தோர் காட்டினர். ஆகவே இவ்வயதுகளைப் புகைவண்டிக் கால அட்டவணையாகக் கொள்ளற்க. அவ்வட்டவணையே எவ்வளவு பொய்க்கும் என்பதை இரயில்வே எழுத்தராகிய நாம் அறிவோம்!

இவ்வங்க நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. ஈசுவரசந்திர வித்தியாசாகர் தாமே எழுதி வைத்தது. 1828ஆம் ஆண்டளவில், 8 வயதுச் சிறுவராய், பீர்சிங்கா என்னும் சிற்றூரிலிருந்து தந்தை தாகுர்தாசுடன் கல்கத்தாவை நோக்கிக் கால்நடையாக வந்தார். வழியில் ஒரு கல்லைக் கண்டு, அம்மிக்கல் சாலையோரத்தில் இருப்பானேன் என வினவினார். தந்தை நகைத்து, அது மைல்கல் என்றும், அதில் உள்ளது 19 என்னும் ஆங்கில எண் என்றும் விளக்கினார். அடுத்தடுத்து வந்த கற்களைக் கொண்டே சிறுவர் எண்ணுருக்களைக் கற்றுவிட்டார்.

9, 8, 7 என வரிசையை மட்டும் ஒப்பிக்கிறாரோ என ஐயுற்ற தந்தை, 6ஆம் கல்லை அவர் காணாதவாறு கடக்கச் செய்து, 5ஆம் கல்லைக் காட்டி வினவினார். அது 6 ஆதல் வேண்டும், பிழையாக 5 எனப் பொறித்துள்ளனர் என்றார் சிறுவர். எண்ணுருவும் தெரிந்தது; வரிசையும் உள்ளத்தில் நின்றது. இரண்டும் முரணவே, கல்லையே ஐயுற்றார்!

இத்தகைய மறுமொழிக்கு நம் இல்லங்களில் கிடைப்பது பெரும்பாலும் குட்டு. வீட்டில் ஒன்று, இரண்டு. தெருவில் ஏக், துயி. பள்ளியில் ஆங்கிலம் என மும்மொழியில் எண்ணும் பிள்ளைகள், ஒன்றில் தொடங்கி மற்றொன்றில் முடிப்பதுண்டு. அதனை மந்தம் எனக் கருதி, பொருள் விளங்காத வாய்ப்பாட்டை உருப்போடச் செய்யும் பெற்றோர் பலர். எவ்வாறு எண்ணினாய் என ஒருமுறை கேட்போர் சிலரே.

தாகுர்தாசு கடியவில்லை, உடன் வந்தோரும் மகிழ்ந்தனர். அச்சிறுவரே 1855இல் 'வர்ண பரிசயம்' என்னும் வங்க அரிச்சுவடியை இயற்றினார். அஃது இன்றும் இந்நகரக் கடைகளில் கிடைக்கிறது.